நூற்று நான்கு படிவங்கள்

உளவியல் துறை,
8.6.1987

அன்புத் தம்பி கௌஸ் மொய்தீனுக்கு,

அக்கா முனவர் பேகத்தின் ஸலாம். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுக்குத்தான் ஓய்வில்லை. ஃபகருன்னிசாவுக்கு வாந்தி நின்றதா? நீ மூன்று மாதம் என்று எழுதுகிறாய், அவள் நாலு என்கிறாள். முதலில் இருவரும் உட்கார்ந்து அதைப் பேசி முடியுங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பல்கலைக்கழகத்தில் உளவியலுக்கென்று ஓர் ஆய்விதழ் தொடங்குகிறோம். பெயர் ‘அகநோக்கு’. ஜனவரி மாநாட்டில் முதல் இதழ் வெளியாக வேண்டும். பேராசிரியர் பெயர்தான் ஆசிரியர் என்று அச்சாகும். கட்டுரை கேட்டு எழுதுவது, அச்சகத்துக்கு நடப்பது, புரூஃப் பார்ப்பது எல்லாம் நான். மூன்று வருஷமாகத் தற்காலிக விரிவுரையாளராகவே இருக்கிறேன் அல்லவா? முதல் இதழ் நன்றாக வந்தால் என்னை நிரந்தரமாக்கச் சொல்லி எழுதுகிறேன் என்று பேராசிரியர் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார். வராவிட்டால் ஏப்ரலோடு நடையைக் கட்ட வேண்டியதுதான்.

முதல் இதழுக்கு நம் துறையின் கட்டுரை ஒன்று வேண்டும். ஷிப்டு வேலை பார்ப்பவர்களின் தூக்கமும் பயமும் பற்றி எழுதப் போகிறேன். அதற்கு நீதான் கதி. நூற்றிருபது படிவம் அனுப்புகிறேன். உன் கம்பெனி ஆட்களிடம் கொடுத்து வாங்கு. ஒரு தாளும் தொலையக் கூடாது. முக்கியமாக இன்னொன்று: பெயர் வேண்டாம், டோக்கன் எண் வேண்டாம், எந்த செக்‌ஷன் என்றுகூட வேண்டாம். ‘நீங்கள் யார் என்று எவருக்கும் தெரியாது’ என்று தலைப்பிலேயே அச்சடித்திருக்கிறேன். அந்த ஒரு வரியை நம்பித்தான் மனுஷன் மனசைத் திறப்பான்.

உங்கள் எல்லோருக்கும் துஆ செய்யும்,
அக்கா


ஓசூர்,
28.6.1987

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் ஸலாம். இங்கே எல்லோரும் சுகம். மாதக் கணக்கில் ஃபகருன்னிசா ஜெயித்துவிட்டாள், நாலுதான்.

உன் படிவங்களை கேன்டீன் வாசலில் மேஜை போட்டுக் கொடுத்தேன். வருகையும் லீவும் பதிகிற டைம் ஆபீஸ் கிளார்க் நான், ஒரு தாளை நீட்டினால் யாரும் மறுக்க மாட்டார்கள். லீவு லெட்டர் என்று நினைத்து வாங்கியவர்களும் உண்டு. நூற்றிருபதில் நூற்று நான்கு திரும்பி வந்துவிட்டது. தாள் தொலையும் என்று நீ பயப்படவே வேண்டாம், அதற்கு எங்கள் ஆபீசில் ஒரு முறை இருக்கிறது.

பதினோரு பேருக்குத் தமிழ் படிக்க வரவில்லை. கன்னடக்காரர்களும் தெலுங்குக்காரர்களும். ஷிப்டு முடிந்ததும் சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் ஒவ்வொருவராக உட்கார வைத்து, அவரவர் பாஷையில் கேட்டு நானே டிக் போட்டேன். அதில் கங்கப்பன் என்று, இரும்புத் தகடு அழுத்தும் பிரஸ் ஷாப் ஆள். ஜவளகிரியிலிருந்து வருகிறார். ஷிப்டு முடிந்து ஊருக்குப் போனால், யானை இறங்குகிற நாட்களில் தோட்டத்துப் பரணில் காவல். ‘வேலை நேரத்தில் கண் அசந்ததுண்டா’ என்ற கேள்விக்கு அவர் சிரித்துக்கொண்டே, “ஆமா சார், நின்னுகிட்டே தூங்குவேன். இந்தக் கம்பெனில என்னைத் தூங்குனியான்னு கேட்ட மொத ஆளு நீங்கதான்” என்றார். அதற்குப் பிறகு அரைமணி நேரம் பேசினார்.

சீக்கிரம் அனுப்பு என்று நீ தந்தி வேறு கொடுத்துவிட்டாய். நாளைக்கு உன் ஊருக்கு வரும் லாரியில் தெரிந்த டிரைவரிடம் கட்டாகக் கொடுத்தனுப்புகிறேன். இன்னும் இரண்டு நாள் இருந்தால் ஒருமுறை சரிபார்த்திருப்பேன். பரவாயில்லை.

உன் தம்பி
கௌஸ்


உளவியல் துறை,
19.7.1987

அன்புத் தம்பிக்கு,

ஸலாம். அக்காவுக்கு இந்த வாரம் தரை மேல் கால் படவில்லை. படிவங்கள் வந்தன, எண்ணிப் பார்த்தேன், நூற்று நான்கும் பத்திரம். உன்னை என்னவோ என்று நினைத்தேனடா.

முடிவைக் கேட்டால் நீயே நம்ப மாட்டாய். தொண்ணூற்று மூன்று பேர் நன்றாகத் தூங்குகிறார்களாம், பயமே இல்லையாம். பதினோரு பேருக்கு மட்டும் தூக்கமில்லை, வேலையில் கண் அசருகிறது, மெஷினைக் கண்டால் பயம். அந்தப் பதினோரு பேரும் யார் என்கிறாய்? நீ உட்கார வைத்துக் கேட்டாயே, அதே கன்னட, தெலுங்கு ஆட்கள். உன் கையெழுத்தை வைத்துத்தான் பிரித்தேன். பேராசிரியர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். தாய்மொழி புழங்காத இடத்தில் வேலை செய்கிறவனுக்கு மன அமைதி இல்லை, இது பெரிய கண்டுபிடிப்பு, முதல் இதழின் முதல் கட்டுரை இதுதான் என்கிறார்.

எனக்கு ஒரு சின்ன உறுத்தல். ஓசூரில் யாருக்குத்தான் மூன்று பாஷையும் புழங்கவில்லை? காய்கறிக்காரி நாராயணம்மா நம்மிடம் தமிழிலும் தராசிடம் தெலுங்கிலும் பேசுவாளே. ஆனால் எண்ணிக்கை அப்படித்தான் வருகிறது, நான் என்ன செய்ய?

ஃபகருன்னிசாவை வெயிலில் அலையவிடாதே.

அன்புடன்,
அக்கா


ஓசூர்,
9.8.1987

அக்காவுக்கு,

ஸலாம். வீட்டில் சுகம். கம்பெனியில்தான் சுகமில்லை.

போன செவ்வாய்க்கிழமை பிரஸ்ஸில் கங்கப்பனுக்கு வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. ஆட்டோவில் தூக்கிப்போனவர்களில் நானும் ஒருவன். மெஷினின் பாதுகாப்புக் கம்பி கழன்று பத்து நாளாக அப்படியே கிடந்தது என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆட்கள் விவகாரம் பார்க்கும் பர்சனல் ஆபீசரோ அவர் தூங்கியிருப்பார் என்கிறார். தூங்கினார் என்று நிரூபித்தால் கம்பெனி மேல் தப்பில்லை, நஷ்டஈடும் இல்லை, வேலையும் இல்லை. விசாரணை தொடங்கிவிட்டது.

உன் படிவ விஷயம் அவர் காதுக்கு எப்படியோ போயிருக்கிறது. ‘தூக்கத்தைப் பற்றி ஏதோ எழுதி வாங்கினாயாமே, அதெல்லாம் எங்கே’ என்று கேட்டார். பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டது என்றேன்.

படிவங்கள் பூட்டுக்குள்தானே இருக்கின்றன? வேறு யாரும் எடுத்துப் பார்ப்பதில்லையே? சும்மாதான் கேட்கிறேன்.

உன் தம்பி
கௌஸ்


உளவியல் துறை,
23.8.1987

அன்புத் தம்பிக்கு,

ஸலாம். கங்கப்பன் செய்தி படித்து அன்று சோறு இறங்கவில்லை. முகம் தெரியாத மனுஷன்தான், ஆனால் நீ எழுதிய அந்த அரைமணி நேரப் பேச்சைப் பத்து முறை படித்தவள் நான். அவருக்கு என் ஸலாமைச் சொல்.

நீ வீணாகக் கவலைப்படாதே. உங்கள் பர்சனல் ஆபீசர் பேராசிரியருக்கே கடிதம் எழுதிவிட்டார். தொழிலாளர் நலனுக்காகப் படிவங்களை ஒருமுறை பார்க்க வேண்டுமாம். இதழின் பின்னட்டைக்குக் கம்பெனி விளம்பரமும் தருவார்களாம். பேராசிரியர் உடனே சரியென்றுவிட்டார். என்னைக் கேட்டார், நானும் சரியென்றேன். பெயரும் இல்லை, எண்ணும் இல்லை. யார் எதைச் சொன்னார் என்று எனக்கே தெரியாதபோது அவருக்கு எப்படித் தெரியும்? தமிழ் தெரியாதவர்கள் பதினோரு பேரோ நூறு பேரோ, கங்கப்பன் படிவம் எது என்று அந்த ஆண்டவனுக்குத்தான் தெரியும்.

அடுத்த மாதம் முதல் வாரம் ரிஜிஸ்டர் பார்சலில் அனுப்புகிறோம். நீ ஒரு மாதிரி எழுதியிருக்கிறாயே, உடம்புக்கு ஏதாவதா?

அன்புடன்,
அக்கா


ஓசூர்,
28.8.1987

அக்காவுக்கு,

ஸலாம். பார்சலை அனுப்ப வேண்டாம். இங்கே மழை, தபால் நனைந்து வருகிறது. நீ சொன்னால் பேராசிரியர் கேட்பார். அனுப்ப வேண்டாம். வேறு ஒன்றுமில்லை.

கௌஸ்


உளவியல் துறை,
8.9.1987

தம்பிக்கு,

ஸலாம். மழை என்கிறாய். எத்தனை தபால் நனைந்தாலும் இதுவரை நீ எனக்கு நாலு வரியில் கடிதம் எழுதியதில்லை. என்னிடம் எதை மறைக்கிறாய்? காரணமில்லாமல் பேராசிரியரிடம் போய் நின்றால் என்னைப் பைத்தியம் என்பார். பார்சல் இன்று மதியம் போய்விட்டது. காரணம் இருந்தால் உடைத்துச் சொல்லடா, எனக்குப் பயமாக இருக்கிறது.

அக்கா


ஓசூர்,
10.9.1987

அக்கா,

ஸலாம் சொல்லக்கூட வெட்கமாக இருக்கிறது.

டைம் ஆபீசில் ஒரு தாளை வெளியே கொடுத்தால், வாங்கியவனின் டோக்கன் எண்ணைப் பின்பக்கம் மூலையில் பென்சிலால் சின்னதாகப் போடுவோம். திரும்பி வந்ததும் பார்த்து டிக் அடிப்போம். ஆறு வருஷப் பழக்கம். நீ தாள் தொலையக் கூடாது என்று எழுதினாய், எண் வேண்டாம் என்றும் எழுதினாய். திரும்பி வந்ததும் அழித்துவிடலாம் என்று போட்டேன். உன் தந்தி வந்தது, லாரி புறப்பட்டது, அழிக்கவில்லை. பதினோரு பேரிடம் கேட்டு எழுதியதற்கு அன்று அவர்கள் எதிரில் எண் போடவில்லை. வீட்டுக்கு வந்தபிறகு, கணக்கு ஒத்துவர வேண்டுமே என்று அதற்கும் போட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

நூற்று நான்கிலும் எண் இருக்கிறது. 318 கங்கப்பன். அதில் ‘ஆமாம், வேலையில் தூங்குவேன்’ என்று டிக் போட்டவன் நான். தன் வாயால் என்னை நம்பிச் சொன்ன மனுஷனை அந்தத் தாளே ஒழித்துவிடும். முதலிலேயே சொல்லாததற்குக் காரணம் நீ திட்டுவாயே என்பதுதான். வேறு ஒன்றுமில்லை.

கௌஸ்


உளவியல் துறை,
15.9.1987

கௌஸ்,

அந்த எண்களை நான் பார்த்தேன். காகிதக் கடைக்காரர் கட்டு எண்ணிப் போட்ட குறி என்று நினைத்துவிட்டேன். அதனால் உன்னை மட்டும் திட்டுவதற்கு எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் திட்டுகிறேன். மூன்று மாதம், மூன்று கடிதம், ஒரு வரி எழுத உனக்குக் கை வரவில்லையா? நான் திட்டுவேன் என்று பயந்தாயாம். நான் திட்டினால் உன் விரல் போய்விடுமா?

பார்சல் வந்துவிட்டதா? அவர் பிரித்தாரா? கங்கப்பன் என்ன ஆனார்? மறுதபாலில் எழுது.

அக்கா


உளவியல் துறை,
29.9.1987

கௌஸ்,

பதினான்கு நாள். பதில் இல்லை. கம்பெனிக்கு டிரங்கால் போட்டேன், ‘லைனில் இல்லை’ என்று வைத்துவிட்டார்கள். நீ வாயடைத்துக் கிடக்கிறாய் என்றால் நடக்கக் கூடாதது நடந்துவிட்டது என்றுதான் அர்த்தம்.

நேற்று பேராசிரியரிடம் போனேன். யாருக்கும் தெரியாது என்று வாக்குக் கொடுத்து வாங்கிய படிவங்களில் எண் போட்டிருக்கிறது, அவை கம்பெனி கைக்குப் போயிருக்கின்றன, இந்தக் கட்டுரையை நான் வெளியிட மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தேன். கத்துவார் என்று நினைத்தேன், கத்தவில்லை. ‘அப்படியானால் இதழ் வேலையையும் வேறொருவர் பார்க்கட்டும்’ என்றார், அவ்வளவுதான். ஏப்ரலுக்குப் பிறகு எனக்கு இங்கே இடமில்லை என்பது அதிலேயே தெரிந்துவிட்டது. அச்சுக்குப் போன முதல் பக்கத்தில் உதவி ஆசிரியர் என்று என் பெயர் இருந்தது. அதை எடுக்கச் சொல்லி நானே அச்சகத்துக்கு நடந்து போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

நீ ஒன்று செய்ய வேண்டும். எண் போட்டதை அந்த ஆட்களிடம் நீயே உன் வாயால் சொல்ல வேண்டும். எனக்கு எழுதாவிட்டாலும் போகிறது, அவர்களிடம் சொல்.

முனவர் பேகம்


ஓசூர்,
11.10.1987

என் அன்புள்ள அக்காவுக்கு,

ஸலாம். நான் எழுதியிருந்தால் உன் வேலை தப்பியிருக்கும். அது தெரிந்த பிறகு எனக்கு எப்படி இருக்கிறது என்று எழுத வரவில்லை.

கம்பெனிக்கு வரும் தபால் எல்லாம் டைம் ஆபீசில்தான் முதலில் பதிவாகும். உன் பார்சல் 12ஆம் தேதி சனிக்கிழமை என் மேஜைக்கு வந்தது. பதியவில்லை. பைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்க நானும் ஃபகருன்னிசாவும் தரையில் உட்கார்ந்து நூற்று நான்கையும் ரப்பரால் அழித்தோம். ஏழாவது மாதம், முதுகு வலிக்கிறது என்று சுவரில் சாய்ந்துகொண்டே அழித்தாள். தாள் கிழியாமல் அழிக்க அவளுக்குத்தான் கை வந்தது. பழையபடி கட்டி, திங்கட்கிழமை வந்ததாகப் பதிந்து உள்ளே அனுப்பினேன். ஆபீசர் புரட்டினார், பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். ‘பேரே இல்லாத காகிதத்தை வைத்துக்கொண்டு என்னய்யா செய்வது’ என்று பீரோ மேல் போட்டுவிட்டார்.

தபாலைப் பிரித்தது வெளியே தெரிந்தால் அன்றைக்கே வேலை போகும். விசாரணை முடிகிறவரை யாருக்கும் ஒரு வரி எழுத மாட்டேன் என்று ஃபகருன்னிசா என்னிடம் சத்தியம் வாங்கினாள். உன் கடிதங்களைப் படித்து உள்ளே வைத்தேன். நீ இப்படிச் செய்வாய் என்று என் மரமண்டைக்கு எட்டவில்லை. போன வியாழக்கிழமை விசாரணை முடிந்தது. தூங்கினார் என்பதற்குச் சாட்சி இல்லை. கங்கப்பனுக்கு நஷ்டஈடு உண்டு, கேட்டில் உட்காரும் வேலையும் உண்டு.

நீ சொன்னபடி ஆட்களிடம் சொன்னேன். மதிய இடைவேளையில் கேன்டீனில் எழுந்து நின்று சொன்னேன். யாரும் கோபப்படவில்லை. திருநெல்வேலிப் பக்கத்து சுடலைமுத்து, பிரஸ் ஷாப்பில் மூத்தவர், தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“பாய், நீங்க தாளுக்குப் பின்னால நம்பர் போட்டத நாங்க பாக்கலன்னா நெனச்சிய? மொத ஆளே பாத்துட்டான். பொறவு வரிசை பூரா சேதி போயிட்டு. நல்லாத் தூங்குதோம், ஒரு கொறையும் இல்லன்னு டிக் போட்டுக் குடுத்துட்டோம். எனக்கு ஒழுங்காத் தூக்கம் வந்து மூணு வருசமாச்சு.”

தொண்ணூற்று மூன்று பேரும் பொய் சொல்லியிருக்கிறார்கள் அக்கா. எண் போட்டதைப் பார்க்காத பதினோரு பேர் மட்டும்தான் உண்மை சொன்னார்கள். கேட்டில் கங்கப்பனிடம் தனியாகப் போய் மன்னிப்புக் கேட்டேன். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, “நம்பர் போட்டா என்ன சார், நானு சொன்னது நெஜந்தானே” என்றார்.

தம்பி
கௌஸ்


உளவியல் துறை,
18.10.1987

அன்புத் தம்பிக்கு,

ஸலாம். உன் கடிதத்தை முதல் தடவை படித்து அழுதேன், இரண்டாம் தடவை சிரித்தேன். அடேய், தாய்மொழியும் இல்லை, மன அமைதியும் இல்லை. எல்லாம் உன் பென்சில். அந்தக் கட்டுரை அச்சாகியிருந்தால் நான் ஆயுசுக்கும் வெட்கப்பட்டிருப்பேன். வேலை போவது போவதுதான், அதில் உன் பங்கு இருக்கிறது, அதை நான் மறக்கப் போவதில்லை. ஆனால் மனிதர்கள் தப்பினார்கள். ஃபகருன்னிசாவின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது.

காரணத்தை விளக்கிப் பேராசிரியருக்கு மறுபடியும் எழுதிக் கொடுத்துவிட்டேன். படித்துவிட்டு மேஜை அறைக்குள் வைத்தார்.

அக்கா


உளவியல் துறை,
20.1.1988

அன்புத் தம்பிக்கு,

ஸலாம். மருமகள் பிறந்த சேதிக்கு இங்கே மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன். தாயும் பிள்ளையும் நலம் என்று கேட்டு நிம்மதி. அந்த நிம்மதியோடு இதையும் படி.

‘அகநோக்கு’ வெளியாகிவிட்டது. முதல் கட்டுரை நம்முடையதுதான். கீழே பேராசிரியர் பெயர். தாய்மொழி, மன அமைதி, பதினோரு பேர், எல்லாம் அப்படியே இருக்கிறது. ‘ஓசூரில் ஒரு தொழிற்சாலை’ என்றிருக்கிறது, பின்னட்டையில் உங்கள் கம்பெனி விளம்பரம். ஓடிப்போய்க் கேட்டேன். ‘உன் சந்தேகத்தை இரண்டாம் இதழுக்குக் கடிதமாக எழுது, போடுகிறேன்’ என்றார். கம்பெனிக்குப் பத்துப் பிரதி போயிருக்கிறது. அந்தப் பதினோரு பேரைப் பார்த்துக்கொள்.

அக்கா


ஓசூர்,
3.2.1988

அன்புள்ள அக்காவுக்கு,

ஸலாம். பிள்ளை சுகம், அவள் தாயும் சுகம். என்னைப் பற்றி நாளைக்குத்தான் தெரியும்.

இன்று காலை பர்சனல் ஆபீசர் இதழைக் கையில் வைத்துக்கொண்டு டைம் ஆபீசுக்கே வந்தார். முதல் கட்டுரையில் பேனாவால் கோடு போட்டிருந்தது. கன்னடம், தெலுங்கு பேசுகிறவர்களுக்குத் தூக்கமில்லை, மெஷின் பயம் என்று பல்கலைக்கழகமே சொல்லிவிட்டது, இனி அவர்களை பிரஸ்ஸில் வைக்க முடியாது, காண்டிராக்டில் இருப்பவர்களை மாதக் கடைசியில் நிறுத்திவிடலாம் என்றார். யார் யார் என்று ஃபைலில் இல்லை. ‘உனக்குத்தான் எல்லோரையும் தெரியும், சாயங்காலத்துக்குள் ஒரு லிஸ்ட் டைப் செய்து கொடு’ என்றார்.

நூற்று நான்கு எண்ணை உட்கார்ந்து அழித்தோமே அக்கா. பெயரே வேண்டாம், எண்ணும் வேண்டாம், பாஷை போதும் என்று ஆகிவிட்டது.

மதியம் சாப்பிடப் போகவில்லை. முடியாது என்று சொன்னால் வேறொருவன் செய்து கொடுப்பான், அவன் பதினோரு பேரைச் சரியாகவே எழுதுவான். அதனால் நானே உட்கார்ந்து டைப் செய்தேன். முதல் பெயர் கௌஸ் மொய்தீன், டைம் ஆபீஸ். எனக்குக் கன்னடமும் தெலுங்கும் தெரியும், பதினோரு பேரிடம் பேசியவனே நான்தானே. அடுத்து சுடலைமுத்து, ஓசூருக்கு வந்து ஒன்பது வருஷம், சந்தையில் தெலுங்கில்தான் பேரம் பேசுகிறார். பிறகு டோக்கன் ஒன்றிலிருந்து வரிசையாக எல்லோரையும் அடித்தேன். அறுநூற்றுப் பன்னிரண்டு பேர். தலைப்பில் ‘கன்னடமோ தெலுங்கோ பேசுகிறவர்கள்’ என்று போட்டேன். அதில் ஒரு பெயரும் பொய் இல்லை. ஆபீசரே டீக்கடையில் கன்னடம் பேசுவார், அதனால் கடைசியில் அவர் பெயரையும் சேர்த்தேன்.

நடுவில் சுடலைமுத்து வந்து என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். கேன்டீனிலிருந்து ஒரு டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

பதினான்கு பக்கம் வந்தது. ஐந்து மணிக்கு அவர் மேஜையில் வைத்து, கீழே என் கையெழுத்தைப் பேனா மையில் போட்டுவிட்டு வந்தேன். நான் கேட்டைத் தாண்டும் வரை கூப்பிடவில்லை. நாளைக் காலை எட்டு மணிக்கு நான் உள்ளே போக வேண்டும்.

ஃபகருன்னிசாவிடம் சொல்லிவிட்டேன். அவள் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே கேட்டுவிட்டு, ‘இதை உடனே மதினிக்கு எழுதிப் போடுங்கள், போன தடவை மாதிரி வேண்டாம்’ என்றாள். எழுதிவிட்டேன். கடைசித் தபால் எடுப்பதற்குள் பெட்டியில் போடப் போகிறேன்.

உன் தம்பி
கௌஸ் மொய்தீன்